மீன் எண்ணெயும் மிச்சமான மாத்திரைகளும்

என் முதுகுக்குப் பின்னால் எனக்கு ஒரு பெயர் இருந்தது, ஓய்வு பெற்ற அன்றுதான் தெரிந்தது. பிரிவு உபசார விழாவில் பேச வந்த நர்ஸ் ஒருத்தி, "எங்க சந்தேக மேடம்" என்று மைக்கிலேயே சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பெயர் ஒன்றும் பொய்யில்லை. பால்காரர் ஊற்றுகிற பாலை விரலில் தொட்டுப் பார்க்காமல் நான் உள்ளே எடுத்துப் போனதில்லை. "தாலி கட்டும்போது மூணு முடிச்சும் சரியா விழுந்துச்சான்னு எண்ணிப் பார்த்தவ நீ" என்று என் கணவர் இன்னமும் சொல்லிக்காட்டுவார். எண்ணித்தான் பார்த்தேன்.

போன மாதம், என்னோடு வேலை பார்த்த இளம் மருந்தாளுநர்கள் இரண்டு பேர் வீட்டுக்கு வந்திருந்தார்கள். காப்பி கொடுத்துப் பேசிக்கொண்டிருக்கும்போது அதில் ஒருத்தி கேட்டாள்.

"மேடம், மருந்து ஜன்னலுக்கு வர்றவங்கள்ல பாதிப் பேரு மீன் எண்ணெய் மாத்திரை சாப்பிடலாமான்னு கேக்குறாங்க. செல்போன்ல பாத்துட்டு வர்றாங்க. நாங்க என்ன சொல்ல?"

"டாக்டரைக் கேக்கச் சொல்லு."

"அது எங்களுக்கே தெரியும் மேடம். நீங்க அந்த டப்பாவைக் கண்டாலே மூஞ்சியச் சுளிப்பீங்களே, அது ஏன்னு சொல்லுங்க."

வாயால் சொன்னால் பாதி விட்டுப்போகும். எழுதித் தருகிறேன் என்றேன். இப்போதெல்லாம் மருந்துக் கடைகளில் கண்ணாடி அலமாரியில் வெளிச்சம் போட்டு வைத்திருப்பது சத்து மாத்திரைகளைத்தான். நோய்க்கான மருந்து பின்னறையில் இருக்கிறது. இந்தக் காலத்தில் இதை எழுதி வைப்பது நல்லது என்றே எனக்கும் பட்டது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மீன் எண்ணெய்க்கு நான் எதிரி இல்லை. ரத்தத்தில் கொழுப்பு ஏறிய சிலருக்கு மருத்துவர்களே எழுதித் தருகிறார்கள், நானும் எடுத்துக் கொடுத்திருக்கிறேன். கண்ட இடத்தில் கண்டவர் கொடுத்து வாங்கிச் சாப்பிடுவதுதான் எனக்கு ஆகாது. அதற்கு வள்ளிக்கண்ணு காரணம். அதற்கும் முன்னால் சோமசுந்தரம் சார் காரணம்.

டி.ஃபார்ம். படித்ததும், குளத்தூர் பக்கம் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் களிம்பு கிண்டியதும், பிறகு பொன்னமராவதியில் சில வருடம் குப்பை கொட்டியதும் பெரிதாகச் சொல்வதற்கில்லை. கடலோரத்தில் ஒரு தாலுகா மருத்துவமனைக்கு மாற்றலாகி வந்த பிறகுதான் இந்த வேலை என்னவென்று தெரிந்தது. அங்கே தலைமை மருந்தாளுநராக இருந்தவர் சோமசுந்தரம் சார். ஒல்லியான மனிதர். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, மேலே வெள்ளைக் கோட்டு. கோட்டுப் பையில் பேனா இருக்கும், பேனாவுக்குப் பக்கத்தில் ஒரு குண்டூசி குத்தியிருக்கும்.

மருந்துக் கிடங்கிலிருந்து பெட்டிகள் வந்தால் அவர் மேல்பக்கம் திறக்க மாட்டார். கவிழ்த்துப் போட்டு அடியில் கிழிப்பார். "மீன் கூடையில நல்ல மீனு எங்க இருக்கும்? மேல இருக்கும். நாம அடியப் பாக்கணும்" என்பார். காலாவதித் தேதியைப் பெட்டியில் பார்த்தால் போதாது, உள்ளே இருக்கும் மாத்திரை அட்டையிலும் பார்க்க வேண்டும். அட்டையின் நிறம் போன தடவை வந்ததைவிட ஒரு சாயல் மாறியிருந்தாலும் அந்தப் பெட்டி தனியாகப் போய்விடும்.

ஜன்னலில் அவர் முறை இன்னும் விசேஷம். சீட்டை வாங்கி இரண்டு தடவை படிப்பார். பத்து வருடமாக வருகிற ஆளாக இருந்தாலும் "பேரு என்ன?" என்று கேட்பார். மாத்திரையைக் கொடுத்து எப்படிச் சாப்பிட வேண்டும் என்று சொன்ன பிறகு, "இப்ப நீ எனக்குச் சொல்லு" என்பார். சரியாகத் திருப்பிச் சொன்னால்தான் கை மாத்திரையை விடும். வரிசையில் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள். அவர் காதில் ஏறாது.

இரண்டு விஷயங்களை அவர் எங்களுக்குப் பிடிவாதமாகப் பழக்கினார். ஒன்று, பையைக் கொட்டுவது. ஒருவருக்கு மாத்திரை கேட்கவில்லை என்றாலோ ஏறுமாறாகக் கேட்டாலோ, வீட்டில் இருக்கிற எல்லாவற்றையும் ஒரு பையில் அள்ளிக்கொண்டு வரச் சொல்வார். நாட்டு மருந்து, லேகியம், பெட்டிக்கடையில் வாங்கிய தலைவலி மாத்திரை, துபாயிலிருந்து மச்சான் கொண்டுவந்த தைலம், எதுவானாலும் சரி. மேசைமேல் செய்தித்தாள் விரித்து, பையைத் தலைகீழாகக் கொட்டி, ஒவ்வொன்றாக ஒதுக்குவார். என்ன சாப்பிடுகிறாய் என்று கேட்டால் நாலு சொல்லுவார்கள், கொட்டினால் பதினாலு விழும்.

இன்னொன்று, மிச்சம். தினமும் சாப்பிட வேண்டிய மாத்திரையை மாதக் கணக்குக்குக் கொடுக்கிறோம். மாத முடிவில் ஒருத்தர் வந்து "எனக்கு வேணாம் சார், மிச்சம் இருக்கு" என்றால் அந்த ஆளை விடக் கூடாது. "கேக்காம வாங்கிட்டுப் போறவன்கூடப் பரவாயில்ல. மிச்சம் இருக்குங்கிறவன்தான் ஆபத்து. அவன் எதையோ நிறுத்தியிருக்கான். எதுக்கு நிறுத்துனான்னு கேளு" என்பார்.

அந்தக் காலத்தில் மீன் எண்ணெய் எங்களுக்குப் புதிது இல்லை. மஞ்சள் முத்து மாதிரி சுறா ஈரல் எண்ணெய் மாத்திரைகளைப் பிள்ளைகளுக்கு எழுதுவார்கள். புது டப்பா திறந்தால் சார் கோட்டுப் பையிலிருந்து அந்தக் குண்டூசியை எடுத்து ஒரு முத்தைக் குத்துவார். ஒரு சொட்டை வெள்ளைத் தாளில் விட்டு முகர்ந்து பார்ப்பார், எங்களையும் முகரச் சொல்வார். நல்லது என்றால் பச்சை மீன் வாடை வரும். கெட்டது என்றால் தகரக் கதவுக்கு அடிக்கிற பெயிண்டு வாடை. "கெட்டுப்போனதை மூக்கு சொல்லிரும். நல்லதுங்கிறதை மூக்கு சொல்லாது" என்பார். அதாவது, வாடை இல்லை என்பதற்காக உள்ளே இருப்பது சரியான சரக்கு என்று ஆகிவிடாது. இப்படிப்பட்ட மனிதரிடம் வேலை பழகினால் பெண்டாட்டி கொடுக்கிற காப்பியைக்கூட ஆள் முகர்ந்துதான் குடிப்பான்.

அவர் ஓய்வு பெற்று அறந்தாங்கியில் வீடு கட்டிக்கொண்டு போனார். அவர் நாற்காலி எனக்கு வந்தது. அவருடைய குண்டூசிப் பழக்கத்தையும் நான் எடுத்துக்கொண்டேன்.

சில வருடம் கழித்து அவர் மருத்துவமனைக்கு வந்துபோக ஆரம்பித்தார். சிகிச்சைக்கு இல்லை. புறநோயாளிகள் உட்கார்ந்திருக்கும் சிமெண்டு பெஞ்சில் வந்து உட்காருவார். பழைய நோயாளிகள் சுற்றிக்கொள்வார்கள். "சுகமா சார்?" "சர்க்கரை இப்ப எப்படி இருக்கு?" என்று பேச்சு ஓடும். வெள்ளைக் கோட்டு இல்லை, ஆனால் அதே கஞ்சி போட்ட சட்டை. மடியில் ஒரு தோல்பை. ஓய்வு பெற்றவருக்குப் பொழுது போகவில்லை என்று நினைத்து நானே டீ வாங்கி அனுப்புவேன்.

எனக்கு உறுத்தியது அந்தத் தோல்பைதான். வரும்போது புடைத்திருக்கும், போகும்போது தொங்கும். அப்புறம் ஜன்னலுக்கு வருகிற கிழவர்கள் கைப்பையில் ஒரே மாதிரி டப்பா தென்பட ஆரம்பித்தது. வெள்ளை டப்பா, தங்க நிற மூடி, மேலே துள்ளுகிற மீன் படம். ஒரு கம்பெனியின் மீன் எண்ணெய் மாத்திரை. கடையில் கிடைக்காது. ஆளுக்கு ஆள் சேர்த்து விற்கிற ஏற்பாடு. கல்யாண மண்டபத்தில் கூட்டம் போட்டு, சாப்பாடு போட்டு, கைதட்ட வைப்பார்களே, அந்த வகை.

யார் கொடுத்தது என்று கேட்டால் எல்லோரும் ஒரே பதில்தான் சொன்னார்கள். "நம்ம சாருதான்."

கடற்கரை ஊரில் மீன் எண்ணெய் விற்பது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற வேலை. அதையும் ஒருத்தர் விற்றுக் காட்டுகிறார் என்றால் அங்கே விற்பனையாவது எண்ணெய் இல்லை, விற்கிற ஆள்தான் என்று எனக்குப் பட்டது. வேறு யாராக இருந்தாலும் அன்றைக்கே பெஞ்சைவிட்டு எழுப்பி அனுப்பியிருப்பேன். அவரிடம் போய் எதைச் சொல்வது? தயங்கித் தயங்கி ஒரு நாள் கேட்டேன்.

"என்ன சார், யாவாரமா?"

அவர் கூச்சப்படவில்லை. "மகன் சேத்துவிட்டான்மா. நானும் சாப்பிடுறேன். முட்டிவலி கொறஞ்சிருக்கு. நல்லதுதான, நாலு பேருக்குச் சொன்னா என்ன?"

"குத்திப் பாத்தீங்களா சார்?"

"நான் பாக்காமலா?" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பை என்னால் சந்தேகப்பட முடியவில்லை. சந்தேகப்பட விரும்பவில்லை என்பதுதான் சரி.

வள்ளிக்கண்ணு மீன் விற்கிறவள். பக்கத்துக் கடற்கரைக் கிராமம். ஏலத்தில் எடுத்த மீனை ஷேர் ஆட்டோவில் ஏற்றி உள்ளூர்ச் சந்தைகளுக்குக் கொண்டுபோவாள். வயது நாற்பதுக்குள். சிறுவயதில் வந்த மூட்டுக் காய்ச்சல் இதயத்தைப் பிடித்து, காப்பீட்டுத் திட்டத்தில் அவளுக்குச் செயற்கை வால்வு பொருத்தியிருந்தார்கள். அது உலோக வால்வு. திறந்து மூடும்போது கைக்கடிகாரம் மாதிரி டிக் டிக் என்று சத்தம் வரும். கூட்டமில்லாத நேரத்தில் அவள் ஜன்னலில் நின்றால் எனக்கே கேட்கும். "எம் புருசன் இந்தச் சத்தத்துல தூக்கம் வரலங்கிறாரு மேடம்" என்று சிரிப்பாள்.

உலோக வால்வு வைத்தவர்களுக்கு ரத்தம் அதில் உறைந்து ஒட்டிக்கொள்ளும் அபாயம் உண்டு. அதைத் தடுக்க வார்ஃபரின் என்கிற மாத்திரையை ஆயுள் முழுக்கச் சாப்பிட வேண்டும். குறைந்தால் வால்வு அடைக்கும், கூடினால் ரத்தக்கசிவு வரும். கயிற்றின் மேல் நடக்கிற மருந்து. அதனால் வள்ளிக்கண்ணுவுக்கு நாங்கள் தனிப்பாடமே நடத்தியிருந்தோம். பல் தேய்க்கும்போது ரத்தம் வந்தால் உடனே வா. கண்ட வலி மாத்திரையைத் தொடாதே. ரத்தத்தை இளக்குகிற இன்னொன்றை இதோடு சேர்க்காதே. முதலில் சோமசுந்தரம் சார் சொல்லிக்கொடுத்தார், பிறகு நான். பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி ஒப்பிப்பாள்.

அன்று காலை அவள் கணவர் கருப்பையாவுக்குக் காய்ச்சல் மாத்திரை வாங்க வந்திருந்தாள். கொடுத்தேன். அவளுக்கு மேல்மூச்சு வாங்கியது. சந்தையிலிருந்து ஓடி வந்தேன் என்றாள்.

"ஒன்னோட மாத்திரை இந்த மாசம் வாங்கலியே?"

"எனக்கு வேணாம் மேடம். மிச்சம் இருக்கு."

கையில் இருந்த சீட்டைக் கீழே வைத்துவிட்டேன். ஜன்னலைப் பக்கத்தில் இருந்தவளிடம் ஒப்படைத்துவிட்டு வெளியே வந்து அவளைப் பெஞ்சில் உட்கார வைத்தேன். "எப்படி மிச்சம் இருக்கும்?" என்று கேட்டேன். மழுப்பினாள். நடுவில் சில நாள் மறந்துவிட்டேன் என்றாள். அவள் மறக்கிற ஆள் இல்லை. வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு வா, அதுவரை நான் சாப்பிடப் போக மாட்டேன் என்றேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் போனாள், ஆனால் மதியத்துக்குள் வந்துவிட்டாள்.

செய்தித்தாளை விரித்துப் பையைக் கொட்டினேன். முதலில் விழுந்தது வார்ஃபரின் அட்டைகள். பிரிக்காமல் அப்படியே இருந்தன. ஒரு மாதத்துக்கு மேல் தொடவே இல்லை. கடைசியாக விழுந்து உருண்டது தங்க மூடி போட்ட வெள்ளை டப்பா. அது பாதிக்கு மேல் காலி.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "மாத்திரையை நிறுத்தச் சொன்னது யாரு? சாரா?"

"ஐயையோ, அவுக நிறுத்தச் சொல்லல மேடம். சத்தியமாச் சொல்லல."

"பின்ன?"

"மீன் எண்ணெ ரத்தத்த எளக்கும், நெஞ்சுக்கு நல்லதுன்னாக. நாந்தான் கேட்டேன், ஏற்கெனவே ஒண்ணு எளக்குறதுக்குச் சாப்பிடுறேனே சார்னு. இது இயற்கையானது, ஒண்ணும் பண்ணாதுன்னாக. எனக்கு மனசு கேக்கல. எளக்குற மருந்து ரெண்டச் சேத்துச் சாப்பிடக் கூடாதுன்னு நீங்கதான படிச்சுப் படிச்சுச் சொன்னீக. வீட்டுல போயி யோசிச்சேன். ஒண்ணுதான் சாப்பிடணும்னா எத நிறுத்துறது?"

"எத நிறுத்தணும்?"

"இது காசு குடுத்து வாங்குனது மேடம். சும்மா வாங்குனதத்தான நிறுத்த முடியும்."

முப்பது வருடத்துக்கு மேல் அந்த ஜன்னலில் இருந்திருக்கிறேன். எங்கள் மாத்திரையைக் கையில் வாங்கும்போதே "தர்மாஸ்பத்திரி மாத்திரதான" என்று சொல்லிக்கொண்டு வாங்குகிறவர்களைத் தினமும் பார்த்திருக்கிறேன். ஊசி போட்டால் நல்ல டாக்டர், காசு வாங்கினால் நல்ல மருந்து. அதே மாத்திரை தனியார் கடையில் வேறு அட்டையில் இருந்தால் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். இவள் சொன்னதில் தப்பே கண்டுபிடிக்க முடியவில்லை. நாங்கள் கற்றுக்கொடுத்த பாடத்தை ஒரு வரி பிசகாமல் கடைப்பிடித்திருந்தாள். அந்தப் பாடத்தின்படியே தனக்கு உயிர் கொடுக்கிறதை நிறுத்தியிருந்தாள். தினமும் மத்தி மீன் விற்று, மத்தி மீன் தின்று, அதே மத்தியிலிருந்து எடுக்கிற எண்ணெயைக் காசு கொடுத்தும் வாங்கியிருக்கிறாள். வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதை.

என் முகம் மாறியதைப் பார்த்து அவள் எனக்கு ஆறுதல் சொன்னாள்.

"பயப்படாதீக மேடம். இது நல்லாத்தான் கேக்குது. முன்னெல்லாம் நெஞ்சுக்குள்ள டிக்கு டிக்குன்னு அடிச்சுக்கிட்டே கெடக்கும்ல. இப்பச் சத்தமே இல்ல. அவருகூட நல்லாத் தூங்குறாரு."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அது மதிய நேரம், வராந்தாவில் ஆள் இல்லை, மின்விசிறியும் ஓடவில்லை. அவள் பக்கத்தில் தோளோடு தோளாக உட்கார்ந்திருக்கிறேன். எனக்கும் சத்தம் கேட்கவில்லை.

கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பணியில் இருந்த இளம் மருத்துவரிடம் போனேன். இரண்டே வார்த்தையில் சொன்னேன். உலோக வால்வு, வார்ஃபரின் நிறுத்தியிருக்கிறாள். அவர் கருவியை நெஞ்சில் வைத்துக் கேட்டார். இடம் மாற்றி வைத்துக் கேட்டார். பிறகு சாதாரணக் குரலில், "அக்கா, நீங்க நடக்க வேணாம், அப்படியே படுத்துக்கங்க" என்று அவளிடம் சொல்லிவிட்டு, என்னைப் பார்த்து 108-ஐக் கூப்பிடச் சொல்லிக் கை காட்டினார். வால்வின் இதழ்களில் ரத்தம் உறைந்து பிடித்திருந்தது. சத்தம் அடங்கியது அதனால்தான்.

"எதுக்கு மேடம் ஆம்புலன்சு? மீனு வெளியிலயே இருக்கு, கெட்டுப்போயிரும்" என்று அவள் கேட்டுக்கொண்டே ஏறினாள்.

புதுக்கோட்டைப் பெரிய ஆஸ்பத்திரியில் உறைவைக் கரைக்கிற மருந்தை ஏற்றினார்கள். அந்த மருந்து ஏறும்போது உறைவு துண்டாகிப் பிய்ந்து மூளைக்குப் போகவும் கூடும், மூளையில் ரத்தம் கசியவும் கூடும். தெரிந்துதான் ஏற்றினார்கள், ஏற்றாவிட்டால் வால்வு நின்றுவிடும். கருப்பையா காய்ச்சலோடு வாசலில் குந்தியிருந்தார். நானும் விடுப்புப் போட்டுவிட்டுப் போயிருந்தேன். "பொழச்சுக்குவாளா மேடம்?" என்று என்னைக் கேட்டபோது, "டாக்டருங்க பாத்துக்கிட்டிருக்காங்க" என்று மட்டும் சொன்னேன். அவர் என் வாயைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

மறுநாள் சோமசுந்தரம் சார் எங்கள் மருத்துவமனைக்கு வந்தார். விஷயம் அவர் காதுக்குப் போயிருந்தது. பெஞ்சில் உட்காராமல் நேரே மருந்தறைக்குள் வந்தார். தோல்பை இல்லை.

நான் வள்ளிக்கண்ணுவின் டப்பாவை மேசையில் வைத்தேன். குண்டூசியையும் ஒரு வெள்ளைத் தாளையும் பக்கத்தில் வைத்தேன். எண்ணெய் கெட்டிருக்க வேண்டும் என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டேன். கெட்டிருந்தால் எல்லாப் பழியையும் அந்தக் கம்பெனிமேல் போட்டுவிட்டு இவரோடு பழையபடி பேசலாம் என்று ஓர் ஆசை.

அவர் ஒரு மாத்திரையைக் குத்தினார். தாளில் சொட்டு விழுந்தது. முகர்ந்தார். என் பக்கம் நீட்டினார். நானும் முகர்ந்தேன். பச்சை மீன் வாடை. உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் சொல்லி, பிரிக்காத இன்னொரு டப்பாவைப் பிறகு சோதனைக்கும் அனுப்பினேன். லேபிளில் எழுதியிருந்ததுதான் உள்ளேயும் இருக்கிறது என்று பதில் வந்தது. அது நல்ல எண்ணெய்தான்.

"எண்ணெயில தப்பில்லம்மா" என்றார்.

"இல்ல சார்."

"நான் நிறுத்தச் சொல்லல. அவகிட்டக் கேட்டியா?"

"கேட்டேன். சொல்லலன்னுதான் சொன்னா."

நிம்மதியாக மூச்சு விட்டார். நாற்காலியில் உட்கார்ந்தார். என் நாற்காலி, ஒரு காலத்தில் அவருடையது. எனக்கு அந்த மூச்சைப் பார்த்ததும் உடம்பெல்லாம் எரிந்தது.

"சார், அவளுக்கு வார்ஃபரின் எடுத்துக் குடுத்ததே நீங்கதான். உங்களுக்குத் தெரியாத கேஸா? ஏற்கெனவே ஒண்ணு சாப்பிடுறேனேன்னு அவளே கேட்டிருக்கா. ஒண்ணும் பண்ணாதுன்னு எப்படி சார் உங்க வாயில வந்துச்சு?"

தாளில் பரவுகிற எண்ணெயையே பார்த்தபடி, "டாக்டரைக் கேட்டுட்டு வான்னு சொல்லியிருக்கலாம்" என்றார். "சொன்னா டாக்டர் வேணாம்பாரு. வாங்கியிருக்க மாட்டா."

"பின்ன ஏன் சார்?"

"பெஞ்சுல வந்து உக்காந்தா எல்லாரும் சுத்தி நிக்கிறாங்கம்மா. சாரு சாருன்னு கேக்குறாங்க. வீட்டுல என்னைய யாரு கேக்குறா? பையில டப்பா இல்லாம வந்தா நான் எதுக்கு வர்றது?"

மகன், கம்பெனி, லாபம் என்று எதைச் சொல்லியிருந்தாலும் நான் திட்டியிருப்பேன். இதைச் சொன்னதும் எனக்குத் திட்ட வரவில்லை, மன்னிக்கவும் வரவில்லை. இனிமேல் அந்தப் பெஞ்சில் உங்களைப் பார்க்கக் கூடாது சார் என்று மட்டும் சொன்னேன். தலையாட்டிவிட்டு எழுந்து போனார். அதற்குப் பிறகு வரவில்லை. அறந்தாங்கி பக்கம் போனால் நான் அந்தத் தெருவைத் தவிர்த்துவிடுவேன்.

வள்ளிக்கண்ணு பிழைத்தாள். வால்வு பழையபடி சத்தம் போட ஆரம்பித்தது. ஆனால் ஒரு சின்னத் துண்டு மூளைப் பக்கம் போய்விட்டிருந்தது. வலது கை விரல்கள் முழுசாக மடங்கவில்லை. இன்னமும் மீன் விற்கிறாள், ஆனால் வெட்டிக் கொடுக்க முடியாது. வெட்டித் தராத மீன்காரியிடம் சந்தையில் யார் வாங்குவார்கள்? கிராமம் கிராமமாக வீட்டு வாசலில்தான் விற்கிறாள். என்னைக் கண்டால், "சார் மேல கோவிக்காதீக மேடம், அவுக நல்லதுக்குத்தான் சொன்னாக" என்பாள். எனக்குத்தான் நெஞ்சு ஆறவில்லை. நான் ஓய்வு பெறுகிற வரை மாதாமாதம் அவளைப் பையைக் கொட்ட வைத்தேன். அவள் அதைத் தண்டனையாக நினைக்கவில்லை, மரியாதையாக நினைத்தாள்.

இனி நான் ஓய்வு பெற்ற பிறகு நடந்தது. போன வருடம் ஒரு நாள் காரில் இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள். சின்ன வயது, டை கட்டியிருந்தார்கள். வேறொரு மீன் எண்ணெய்க் கம்பெனி. டப்பாவும் வேறு, பேச்சு அதேதான். நான் எங்கும் போக வேண்டாமாம், விற்கவும் வேண்டாமாம். ஆலோசகர் என்று என் பெயரும் வெள்ளைக் கோட்டு போட்ட என் படமும் நோட்டீஸில் இருந்தால் போதுமாம்.

"இந்தப் பக்கம் உங்களைத் தெரியாதவங்களே இல்லைங்க மேடம். நீங்க சொன்னா சரியா இருக்கும்னு எல்லாரும் சொல்றாங்க" என்றான் ஒருவன். அவன் பொய் சொல்லவில்லை என்பதுதான் எனக்குப் பயமாக இருந்தது. காப்பிகூடக் கொடுக்காமல் அனுப்பினேன். ஒரு டப்பாவை மேசையில் வைத்துவிட்டுப் போகப் பார்த்தார்கள். கார் வரைக்கும் கொண்டுபோய்க் கையில் திணித்துவிட்டு வந்தேன். அதைத் தெருவே பார்த்தது.

ஆனால் நான் திருப்பிக் கொடுக்கிறேன் என்பது தெருவுக்குப் புரியவில்லை. காரும் டப்பாவும்தான் தெரிந்தன. ரிட்டையர் ஆன மேடம் மருந்து விற்கப் போகிறார்கள் என்று பேச்சாகிவிட்டது. அடுத்த வாரம் வள்ளிக்கண்ணு வாசலில் வந்து நின்றாள். கூடையை இடது கையால் இறக்கி வைத்தாள்.

"மீன் எண்ணெ விக்கப் போறீகளாம்ல மேடம். எனக்கு ஒரு டப்பா எடுத்து வைங்க."

"ஒனக்குப் பட்டது போதாதா?" என்றேன்.

"அது வேற மேடம். நீங்க குடுத்தா எனக்கு என்ன பயம்? நீங்க சோதிக்காமலா குடுப்பீக? அந்த மாத்திரையையும் நிறுத்த மாட்டேன், ரெண்டையும் நீங்க சொல்றபடி சாப்பிடுறேன்."

நான் விற்கவில்லை என்றேன். வந்தவர்களைத் துரத்திவிட்டேன் என்றேன். அது உனக்கு ஆகாது என்றேன். எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். வாழ்க்கை முழுக்க ஊரையே சந்தேகப்பட்டவள் நான். யார் என்ன கொடுத்தாலும் வாங்கி வாயில் போட்டுக்கொண்டவள் அவள். அன்று முதன்முதலாக அவள் முகத்தில் ஒரு சந்தேகத்தைப் பார்த்தேன். அது என் மேல்தான்.

"எல்லாருக்கும் குடுப்பீக, எனக்கு மட்டும் இல்லைங்கிறீக" என்றாள். இடுப்பிலிருந்து சுருக்குப் பையை எடுத்து, மடங்காத விரல்களால் அதன் கயிற்றை அவிழ்க்கப் பார்த்தாள். "சும்மா ஒண்ணும் கேக்கல மேடம். காச முன்னாடியே குடுத்துர்றேன்."